டேட்டாபேஸ் மாத்தலாமா வேணாமா? அவசரம், உதவுங்க

குழப்பவாதி:
வணக்கம். எங்க ஆபீஸ்ல டேட்டாபேஸ் லைசன்ஸ் புதுப்பிக்கிற நேரம். "ஓப்பன் சோர்ஸ் இலவசம்தானே, ஏன் மாறல?"ன்னு மேலிடம் கேக்குது. திங்கக்கிழமை மீட்டிங். போஸ்ட்கிரெஸ் (PostgreSQL, ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸ்) போலாமா, இருக்கறதையே வச்சுக்கலாமா? ஒரு வரியில சொன்னாலும் போதும்.

தூங்காத டிபிஏ:
இருக்கறது எதுன்னு சொல்லவே இல்லையே! எவ்ளோ டேட்டா? அப்ளிகேஷன் நீங்க எழுதினதா, வெளியில வாங்கினதா?

யானைப்பிரியன்:
எதுவா இருந்தா என்ன, போஸ்ட்கிரெஸுக்கு மாறுங்க. லைசன்ஸ் தொல்லை விட்டுச்சு.

ரூட் அண்ணன்:
எது நல்லதுன்னு கேட்டா என்ன பதில் வரும் தம்பி? இங்க பல தடவை பேசியாச்சு. தேடிப் படிச்சுட்டு வாங்க.

குழப்பவாதி:
மன்னிக்கணும், அவசரத்துல விட்டுட்டேன். ஆரக்கிள் கம்பெனியோட டேட்டாபேஸ், 19சி வெர்ஷன், என்டர்பிரைஸ் எடிஷன். 600 ஜிபி வரும். அப்ளிகேஷன் நாங்களே ஜாவால எழுதினது.

தூங்காத டிபிஏ:
ஜாவா பெரிய தலைவலி இல்ல. டேட்டாபேஸுக்குள்ள எவ்ளோ பிஎல்/எஸ்க்யூஎல் (ஆரக்கிளோட சொந்த புரோகிராம் மொழி) கோடு கிடக்குன்னு பாருங்க. அந்தக் கோடைக் கட்டி வைக்கற பேக்கேஜ்ங்கறதே போஸ்ட்கிரெஸ்ல கிடையாது. ஸ்கீமா, ஃபங்க்ஷன்னு பிரிச்சு எழுதணும். அட்டானமஸ் டிரான்சாக்ஷனும் (மெயின் வேலை ரத்தானாலும் தனியா சேவ் ஆகறது) இல்ல, லாக் எழுத அதை நம்பியிருந்தா டிபிலிங்க் (தனி கனெக்ஷன் போட்டு எழுதறது) மாதிரி சுத்து வழிதான். ஆரக்கிள்ல டேட் நெடுவரிசைக்குள்ள (column) மணி நிமிஷமும் இருக்கும், போஸ்ட்கிரெஸ் டேட்ல வெறும் தேதி மட்டும். எல்லாத்தையும் விட மோசம் எம்ப்டி ஸ்ட்ரிங், அதாவது எழுத்தே இல்லாத வெறும் டெக்ஸ்ட். ஆரக்கிளுக்கு அது நல் (NULL, மதிப்பே இல்லாதது), போஸ்ட்கிரெஸுக்கு ரெண்டும் வேற. எரர் எதுவும் வராது, ரிப்போர்ட்ல கணக்கு மட்டும் சத்தமில்லாம மாறும்.

ஆரக்கிள்ல இருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாத்தித் தர்ற ஓரா2பிஜி (Ora2Pg) டூலை ஷோ ரிப்போர்ட் மோடுல, எஸ்டிமேட் காஸ்ட் சேர்த்து ஓட்டுங்க. டேட்டாவைத் தொடாது. ஏ, பி, சின்னு ஒரு தரம், எத்தனை ஆள்-நாள் வேலைன்னு ஒரு தோராயம், ரெண்டும் தரும். மீட்டிங்குக்கு அதைக் கொண்டு போங்க.

சும்மா வந்தவன்:
மைஎஸ்க்யூஎல் ஏன் யாரும் சொல்லல? அதுவும் இலவசம்தான்.

யானைப்பிரியன்:
ஆரக்கிளை விட்டு ஓடி ஆரக்கிள்கிட்டயே போறதா? 2010ல சன் கம்பெனியோட சேர்ந்து மைஎஸ்க்யூஎல்லும் அவங்க கைக்குப் போயிருச்சு. வேணும்னா அதுல இருந்து பிரிஞ்ச மரியாடிபி பாருங்க.

சும்மா வந்தவன்:
ஜிபிஎல் (GPL) ஓப்பன் சோர்ஸ் லைசன்ஸ் இருக்கற வரைக்கும் யார் கையில இருந்தா என்ன? அப்ப மாங்கோடிபி?

யானைப்பிரியன்:
அது ஓப்பன் சோர்ஸே இல்ல. 2018ல எஸ்எஸ்பிஎல்ங்கற (SSPL) லைசன்ஸுக்கு மாறிட்டாங்க, எது ஓப்பன் சோர்ஸ்னு சொல்ற அமைப்பான ஓஎஸ்ஐ (OSI) அதை ஏத்துக்கல.

சும்மா வந்தவன்:
கோடு கண்ணுக்குத் தெரியுதுல்ல, அப்புறம் என்ன? ஓஎஸ்ஐ என்ன நாட்டாமையா?

ரூட் அண்ணன்:
சண்டையை வெளிய வச்சுக்கோங்க. தம்பி, உங்களுக்கு என்டர்பிரைஸ் எடிஷன் எதுக்கு? அதைக் கேட்டீங்களா? எந்தெந்த வசதி ஓடுதுன்னு காட்டற DBA_FEATURE_USAGE_STATISTICS வியூவைப் பாருங்க. பார்ட்டிஷனிங் (பெரிய டேபிளைத் துண்டாக்கறது), டேட்டா கார்ட் (ஸ்டாண்ட்பை காப்பி) ஓடினா சரி, விடுங்க. எதுவுமே ஓடலைன்னா ஸ்டாண்டர்ட் எடிஷன் 2 போதும். ரெண்டு சாக்கெட் (பிராசஸர் மாட்டற இடம்) இருக்கற சர்வர் வரைக்கும்தான், ஆனா கோடு ஒரு வரி கூட மாத்த வேணாம். அடிப்படைங்க இது.

தூங்காத டிபிஏ:
அண்ணன் சொல்றது சரிதான், சொல்ற விதம்தான்... அது போகட்டும். இன்னொண்ணு, இலவசம்னு மேலிடத்துல சொல்லாதீங்க. லைசன்ஸுக்குத்தான் காசில்ல. ஃபெயில்ஓவருக்கு (ஒரு சர்வர் விழுந்தா இன்னொண்ணு எடுத்துக்கறது) பேட்ரோனிங்கற டூல், பேக்கப், மானிட்டரிங் எல்லாம் நீங்களே கோக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கு விழுந்தா எடுக்க ஆள் வேணும், இல்ல வெளியில சப்போர்ட் வாங்கணும். அந்தச் செலவை ஆரக்கிளோட வருஷ சப்போர்ட் (வழக்கமா லைசன்ஸ் விலையில 22%) பக்கத்துல வச்சுப் பாருங்க. உங்க டீம்ல போஸ்ட்கிரெஸ் தெரிஞ்சவங்க எத்தனை பேர்?

யானைப்பிரியன்:
கத்துக்கிட்டா வருது. டிபிஏங்க (டேட்டாபேஸ் நிர்வாகிங்க) பயமுறுத்தியே பிழைக்கறாங்க :)

குழப்பவாதி:
மீட்டிங் முடிஞ்சுது. ஓரா2பிஜி சி-5ன்னு காட்டுச்சு. பார்ட்டிஷனிங் நிறைய இருக்கு, அதனால எடிஷன் இறக்க வழியில்ல. இந்த வருஷம் புதுப்பிக்கறாங்க, ரிப்போர்ட்டிங் மட்டும் போஸ்ட்கிரெஸுக்கு. எல்லாருக்கும் நன்றி.

தூங்காத டிபிஏ:
சி-5னா ஸ்டோர்டு ஃபங்க்ஷன், ட்ரிக்கர் எல்லாம் கையால திருத்தி எழுதணும்னு அர்த்தம், நல்ல முடிவு. ரிப்போர்ட்டிங்ல எம்ப்டி ஸ்ட்ரிங் வர்ற நெடுவரிசை எதெதுன்னு லிஸ்ட் எடுத்தாச்சா?