மொராக்கோ போகிறவர்களுக்கு: ஹம்மாம், சாப்பாடு, வயிறு, நோன்பு (அனுபவப் பகிர்வு)

கடலோடி:
குளித்துவிட்டு வருகிறவரைப் பார்த்தால் மொராக்கோவில் “பெஸ்ஸஹா” என்பார்கள். உடம்புக்கு நல்லதாகட்டும் என்று பொருள். முடி வெட்டினாலும், புதுச்சட்டை போட்டாலும், சாப்பிட்டு எழுந்தாலும் இதே சொல்தான். “அல்லாஹ் யஅத்தீக் ஸ்ஸஹா” என்று பதில் சொன்னால் முகம் மலர்ந்துவிடும்.

இந்தச் சொல்லை அதிகம் கேட்பது ஹம்மாம் வாசலில். சுற்றுலாப் பயணிகளுக்கான ஸ்பாவைச் சொல்லவில்லை, பேட்டைக்காரர்கள் போகும் பொதுக் குளியலறையைச் சொல்கிறேன். துண்டு, ரப்பர் செருப்பு, மாற்று உள்ளாடை, உட்கார ஒரு சின்ன பாய், தண்ணீர் மொள்ள ஒரு கிண்ணம் எல்லாம் நீங்களே கொண்டுபோக வேண்டும். ஸபூன் பெல்தி என்ற ஆலிவ் எண்ணெய்க் களிம்புச் சோப்பும், கீஸ் என்ற சொரசொரப்பான கையுறையும் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும்.

உள்ளே மூன்று அறைகள்: குளிர்ந்தது, வெதுவெதுப்பானது, சூடானது. சூடான அறையில் உடம்பு நன்றாக வியர்த்த பிறகு சோப்பைப் பூசி, 5 முதல் 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். அப்புறம்தான் கீஸ். சோப்பு வழுக்கிக்கொண்டிருக்கும்போது தேய்த்தால் அழுக்கு திரளாது, கை வலிப்பதுதான் மிச்சம். கடைசியில் மத்திய அட்லஸ் மலைப் பக்கம் வெட்டியெடுக்கும் ரஸூல் களிமண்ணைத் தலைக்கும் உடம்புக்கும் பூசிக் கழுவலாம்.

அன்று காலை சவரம் செய்த தோலும், பாலைவன வெயிலில் வெந்த தோலும் கீஸ் பட்டால் தீயாய் எரியும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். சூட்டில் ரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும். சட்டென்று எழுந்தால் கண் இருட்டும், தரையோ வழுக்கும். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் வெதுவெதுப்பான அறையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மூட்டைமுடிச்சு:
பெண்களுக்குத் தனி நேரம் அல்லது தனிக் கூடம். முழு நிர்வாணம் வழக்கமில்லை, கீழுள்ளாடை இருக்க வேண்டும். தேய்த்துவிடும் பெண்ணுக்குத் தய்யாபா என்று பெயர். கையுறை மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். பத்துப் பேருக்குத் தேய்த்த ஈரக் கீஸில் படர்தாமரை வந்துவிடும். வாளிக்குள் சோப்புக் கையை விடாதீர்கள். கிண்ணத்தால் மொண்டுதான் ஊற்ற வேண்டும்.

பச்சைமிளகாய்:
சாப்பாட்டுக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை மதியம் வீடுகளில் கூஸ்கூஸ் (ஆவியில் வெந்த கோதுமை ரவை), ஒரே பெரிய தட்டில். முதலில் கெண்டியும் தாம்பாளமும் வரும், கை கழுவ. “பிஸ்மில்லாஹ்” சொன்ன பிறகு வலது கையால் உங்கள் எதிரே இருக்கும் பகுதியை மட்டும் சாப்பிடுங்கள். நடுவில் உள்ள இறைச்சியை வீட்டுக்காரர் பிய்த்து உங்கள் பக்கம் தள்ளுவார், நீங்களாக எட்டாதீர்கள். கையால் சாப்பிட்டுப் பழகிய நமக்கு இது எளிது என்று நினைப்போம். ஆனால் தாஜினை (மண்சட்டியில் மெல்ல வெந்த குழம்பு) ரொட்டித் துண்டால்தான் வழித்தெடுக்க வேண்டும், வெறும் விரலால் அல்ல.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒன்று. புதினாத் தேநீரில் சர்க்கரையைக் கோப்பையில் போடுவதில்லை, கெண்டியிலேயே கொட்டிவிடுவார்கள். கொண்டுவந்து வைத்த பிறகு வேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை. அடுப்பில் ஏற்றும் முன்பே “ப்லா சுக்கர்” (சர்க்கரை இல்லாமல்) என்று சொல்லிவிடுங்கள்.

சூடாகக் கொதிக்கும் ஹரீரா சூப்போ தாஜினோ வயிற்றைக் கெடுப்பது அபூர்வம். கெடுப்பது வெட்டி வைத்த சாலட், ஐஸ், ஒரே வாளித் தண்ணீரில் முக்கியெடுத்த பழச்சாறு டம்ளர். லபன் நம் மோர்தான், ஆனால் பாக்கெட்டில் வருவதை வாங்குங்கள். காய்ச்சாத பாலில் செய்த ஜ்பென் பாலாடைக்கட்டியால் புருசெல்லா காய்ச்சல் வரலாம். ஊர் திரும்பிச் சில வாரம் கழித்துக்கூடத் தலைகாட்டும். அப்போது மருத்துவரிடம் இந்தப் பாலாடைக்கட்டியைப் பற்றிச் சொல்ல மறக்காதீர்கள்.

கடலோடி:
வயிறு போனால்: 1 லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரை தேக்கரண்டி உப்பு. உப்பைக் கூட்டினால் நன்மையை விடக் கேடு அதிகம். காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை போடாதீர்கள், கிருமி உள்ளேயே தங்கும். இரவில் மருந்துக்கடை வேண்டுமானால் மூடிய கடையின் கதவைப் பாருங்கள், எந்தக் கடைக்கு இரவு முறை என்று ஒட்டியிருக்கும். கேட்பதென்றால் “பார்மசி தெ கார்த்”. ஆம்புலன்ஸுக்கு 15, நகரக் காவலுக்கு 19, ஊர்ப்புறக் காவலுக்கு 177.

நாடோடி:
ரமலான் மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். பேருந்து, ரயில் நேரமும் மாத்திரை நேரமும் குழம்புவது இங்கேதான். நோன்பு திறக்கும் வேளையில் தெருவே காலியாகிவிடும், டாக்சியும் கிடைக்காது. தண்டனைச் சட்டம் 222வது பிரிவின்படி, இஸ்லாமியர் என்று அறியப்பட்டவர் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் நோன்பை முறித்தால் 1 முதல் 6 மாதம் சிறை. நம்மூர் முஸ்லிம் பயணிகள் உடம்புக்கு முடியாமல் நோன்பு விட்டிருந்தாலும் அறைக்குள் சாப்பிடுவதே நல்லது. மற்றவர்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. ஆனாலும் தெருவில் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் குடிப்பதை யாரும் ரசிப்பதில்லை.

மூட்டைமுடிச்சு:
ஒன்று விட்டுப்போயிற்று. ஃபெஸ், எஸ்ஸவீரா சந்துகளில் பூனைகள் ஏராளம், மடியிலேயே வந்து உட்காரும். மொராக்கோவில் வெறிநோய் இன்னும் இருக்கிறது. நாய் மட்டுமல்ல, பூனை கடித்தாலும் பிராண்டினாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே தடுப்பூசிக்குப் போங்கள்.