பாகம் குறைஞ்ச பழைய சிங்கர் மெசின் மலிவா வந்தால் எடுக்கலாமோ?

கோண்டாவில்:

சிங்கர் 15கே எண்ட வகை, கால் மெசின், 9,000 ரூபா சொல்லீனம். அடிநூல் பொபினைப் போடுற பொபின் கேஸ் இல்லை. அதுக்கு மேல மூடுற இழுப்புப் பிளேற் இல்லை. பெல்ற் இல்லை. மேல் நூலை இறுக்கிற ரென்ஷன் முழுக்கக் கழண்டு ஒரு ரின்னுக்குள்ள கிடக்கு, அதில எல்லாம் இருக்கோ எண்டு வீட்டுக்காரருக்கே தெரியாது. தங்கப் பூ வேலை அப்பிடியே இருக்கு, மேசையும் நல்ல தேக்கு. ஆனா கைச்சில்லைச் சுத்தினால் சில்லு மட்டும் சத்தமில்லாமல் சுத்துது, ஊசித் தண்டு ஒரு மயிரளவும் அசையேல்லை. வந்து பாத்த ஒருத்தர் "உள்ளுக்க உடைஞ்சிட்டுது" எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டார். சில்லு அவ்வளவு இலகுவாச் சுத்தினது இன்னும் கண்ணுக்க நிக்குது. உடைஞ்சதெண்டால் ஒரு சத்தமாவது வராதோ? எடுக்கலாமோ, விடலாமோ?

நெல்லியடி ரெயிலர்:

தம்பி, உள்ளுக்க ஒண்டும் உடையேல்லைப் போல. கைச்சில்லின்ர நடுவில ஒரு குமிழ் இருக்கெல்லே, அதை இடப்பக்கம் திருப்பினால் சில்லு விடுபடும். பொபினுக்கு நூல் சுத்தேக்க ஊசி அசையாமல் இருக்கிறதுக்கு வைச்சது அது. முதல்ல அதை வலப்பக்கம் இறுக்கிப் பாருங்கோ. இறுக்கியும் சில்லு சும்மா சுத்தினால் குமிழுக்குப் பின்னால இருக்கிற வாசரை யாரோ மாறிப் போட்டிருக்கினம், இல்லாட்டி அது இல்லை. குமிழின்ர விளிம்பில ஒரு சின்ன ஸ்குறு இருக்கும். அதைத் தளர்த்திக் குமிழைக் கழட்டினால் மூண்டு காதுள்ள ஒரு வாசர் வரும். உள்வட்டத்தில இரண்டு நாக்கு வளைஞ்சிருக்கும், அந்த நாக்கு ரெண்டும் வெளியில, குமிழைப் பாத்தபடி நிக்கவேணும். மாட்டி இறுக்கின பிறகு சின்ன ஸ்குறு காதில முட்டிக் குமிழ் சரியாக் கவ்வாட்டில், வாசரை அரைச் சுத்துத் திருப்பிப் போட்டால் சரி. மெசினைத் துப்பரவாக்கிறன் எண்டு கழட்டிற ஆக்கள் பிழை விடுற முதல் இடம் இதுதான். இதுக்காகவே இரும்புக் கடைக்குப் போன நல்ல மெசின் கனக்க.

இனி வாங்கிற விசயம். எது இல்லை எண்டதைவிட ஏன் இல்லை எண்டதைப் பாருங்கோ. பொபின் கேஸ், இழுப்புப் பிளேற், துணியை அமத்திற ஃபூட், பெல்ற், நூல்கட்டை மாட்டுற குத்தி, இவையெல்லாம் கையால கழருற சாமான். வீடு மாறேக்க துலையும், சின்னப் பிள்ளையள் எடுத்து விளையாடும். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில மேசையை விட்டிட்டுத் தலையை மட்டும் சைக்கிளில கட்டிக்கொண்டு போன வீடுகள் இருக்கு. பிணைச்சலில இருக்கிற ரெண்டு ஸ்குறுவைத் தளர்த்தினால் தலை கையோட வந்திடும், லாச்சிக்குள்ள இருந்த சின்னச் சாமான் மேசையோட நிண்டிடும். அப்பிடிக் குறைஞ்ச மெசினுக்குப் பயப்பிடத் தேவையில்லை. உள்ளுக்க இருக்கிற, சும்மா துலையாத சாமான் இல்லாட்டித்தான் யோசிக்கவேணும். மேல் நூலைக் கொழுவிப் பிடிக்கிற சட்டில் இல்லை, ஊசித் தண்டை மூடுற முகப் பிளேற்றுக்குள்ள ஒரு ஸ்குறு இல்லை, துணியை நகர்த்திற பல்லு இல்லை எண்டால் ஒண்டில் வேற மெசினுக்குப் பாகம் எடுத்திருக்கினம், இல்லாட்டி திருத்தப் பாத்துக் கைவிட்டிருக்கினம். கைவிட்டதுக்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் இன்னும் மெசினுக்குள்ளதான் இருக்கும்.

தீவகம்:

நெல்லியடி அண்ணை சொல்லுற கணக்கு ஊர்ப்பக்க மெசினுக்குச் சரி, கடற்கரை மெசினுக்குச் சரிவராது. வேலணைப் பக்கம் ஒரு 15கே, இழுப்புப் பிளேற் மட்டும்தான் இல்லை. மிச்சம் எல்லாம் இருந்தது, தைச்சும் காட்டிச்சினம். ஆனா அந்தப் பிளேற் இல்லாத வழியாலதான் உப்புக்காத்து உள்ளுக்க போனது. ரோச் அடிச்சுப் பாத்தால் சட்டில் ஓடுற வளையத்தில கறள் குழி குழியா விழுந்திருக்கு. சட்டில் முனையில நகத்தை இழுத்தால் வழுக்கவேணும், அது நகத்தைப் பிடிச்சுது. ஆரோ அரத்தால முனையைக் கூராக்கி விட்டிருக்கு. அரம் வைச்ச முனை நூலை அறுக்கும், இல்லாட்டி மேல் நூலின்ர கண்ணியைப் பிடிக்காமல் விடும். தடிச்ச துணியில தைச்சுக் காட்டினது அதுக்குத்தான் எண்டு அப்பதான் விளங்கிச்சு. மெல்லிய பருத்தித் துணி ரெண்டு மடிப்பில தைக்கச் சொல்லியிருந்தால் முதல் சாணிலயே தையல் விட்டு விட்டு விழுந்திருக்கும்.

சட்டில் வாங்கலாம். வளையத்தின்ர உள்வளைவு குழிஞ்சால் என்ன செய்யிறது? புதுச் சட்டிலும் அதுக்குள்ள தட்டித் தட்டித்தான் ஓடும். அப்பிடியான மெசின் 2,000 எண்டாலும் விலை கூட.

சுன்னாகம் உதிரி:

15 வகை எண்டால் பாகத்துக்குப் பயமே இல்லை. உஷா, மெரிற், பட்டர்ஃபிளை எல்லாம் சிங்கர் 15ஐப் பாத்துச் செய்ததுதான். பொபின் கேஸ், பொபின், சட்டில், ஊசிப் பிளேற், ஃபூட், ரென்ஷன் செற் எல்லாம் அந்த மெசினுக்கு வாறது இதுக்கும் பொருந்தும். ஒரு சாமானில மட்டும் கவனம். பொபின் கேஸில மேல நீட்டிக்கொண்டு நிக்கிற விரல் ரெண்டு விதமா வரும், ஒண்டு கொஞ்சம் இடப்பக்கம் சாய்வு, மற்றது வலப்பக்கம். வளையத்து மூடியில இருக்கிற வெட்டுக்குள்ள அந்த விரல் போய் இருக்கவேணும். கடையில நிண்டு படத்தைக் காட்டி வாங்காமல் மூடியைக் கழட்டிக் கொண்டு போய்ப் பொருத்திப் பாத்து எடுங்கோ.

தீவக அண்ணை, வளையம் குழிஞ்சால் ஒண்டும் செய்ய ஏலாது எண்டது முழுக்கச் சரியில்லை. கறள் படலம் மட்டும் எண்டால் உலோகப் பொலிஷும் துணியும் காணும். குழி விழுந்தால்தான் நீங்கள் சொல்லுறது. ரெண்டையும் பிரிச்சறிய நகமே போதும்.

என்ர பயம் ஸ்குறு. சிங்கர் ஸ்குறுவின்ர புரி அவங்கட சொந்தப் புரி. சாதாரண 4 மில்லிமீற்றர் ஸ்குறுவை ஊசி கவ்வுற இடத்தில முறுக்கி இறக்கி வைச்ச மெசின் எத்தினையோ இருக்கு. பாத்தால் ஒரு ஸ்குறுதானே எண்டு இருக்கும். அது உள்புரியைத் தின்னிட்டுது, ஊசி ஒவ்வொரு தையலுக்கும் கீழ இறங்கும். வாங்கப் போற மெசினில ஸ்குறுத் தலையளை வடிவாப் பாருங்கோ. சிங்கர்த் தலை தட்டையா, அகலமா, ஒற்றை வெட்டோட இருக்கும். நட்சத்திர வெட்டுத் தலை ஒண்டு கண்டால் அது பிறகு வந்தது. அது இருக்கிற இடத்தைக் கழட்டிப் பாக்காமல் காசு குடுக்க வேண்டாம்.

மானிப்பாய் அக்கா:

கோண்டாவில் தம்பி, உங்கட ரின்னுக்குள்ள ஒரு சின்னக் கம்பி இருக்கோ எண்டு முதல்ல தேடுங்கோ. குண்டூசியைவிடக் கொஞ்சம் மொத்தம், நீளமும் பெரிசில்லை. ரென்ஷன் தண்டின்ர நடு ஓட்டைக்குள்ளால போறது அதுதான். ஃபூட்டைத் தூக்கேக்க அந்தக் கம்பி முன்னுக்கு வந்து தட்டு ரெண்டையும் விலக்கும். அது இல்லாத மெசின் ஒண்டு மானிப்பாயில விலைக்கு நிண்டது. தையல் வடிவா விழுந்தது, ஆனா முடிச்சுப்போட்டுத் துணியை இழுக்க ஊசி வில்லுப்போல வளைஞ்சு முறிஞ்சுது. வித்தவ ஊசி கூடாது எண்டு வேற ஊசி போட்டா, அதுவும் முறிஞ்சுது. இவ்வளவுக்கும் காரணம் ஒரு துண்டுக் கம்பி.

சோதிக்கிறது இலேசு. நூல் கோத்து, ஃபூட்டை இறக்கி நூலை இழுங்கோ, இறுக்கமா வரவேணும். தூக்கி இழுங்கோ, வழுக்கிக்கொண்டு வரவேணும். ரெண்டும் ஒரே மாதிரி எண்டால் கம்பி இல்லை அல்லது நூல் தட்டுக்கு இடையில போகேல்லை.

திருப்பிப் பூட்டிற ஒழுங்கு இது: முதல்ல நூலைத் துள்ளவைக்கிற மெல்லிய ஸ்பிரிங். பிறகு தட்டு ரெண்டு, புடைச்ச பக்கம் ஒண்டையொண்டு பாக்கவேணும், அப்பதான் விளிம்பில நூல் நுழைய வழி இருக்கும். அதுக்கு மேல நடுவில குறுக்குக் கம்பி உள்ள வாசர், கம்பி முட்டுறது அதிலதான். பிறகு கூம்பு ஸ்பிரிங், கடைசியா குமிழ். மெல்லிய ஸ்பிரிங் முறிஞ்சால் துணியின்ர அடிப்பக்கம் நூல் வளையம் வளையமா நிக்கும், ஆக்கள் பொபின் கேஸைக் குற்றம் சொல்லிக்கொண்டு அதை மாத்துவினம். மேல் நூலின்ர பிழை அடியில தெரியும், அடி நூலின்ர பிழை மேல தெரியும். ரெயிலரிட்ட காசு குடுக்க முதல் இதை நினைவில வைச்சிருங்கோ.

சாவகச்சேரி:

எல்லாரும் 15ஐப் பற்றியே கதைக்கிறியள். மலிவா வாறதில பாதி 28கே, சின்னக் கை மெசின். அதுக்கு உருண்டைப் பொபின் இல்லை. துப்பாக்கிக் குண்டு மாதிரி ஒரு சட்டில், அதுக்குள்ள நீளமான மெல்லிய பொபின். அந்தச் சட்டில் இல்லாட்டி உஷாச் சாமான் ஒண்டும் உதவாது. வெளிநாட்டில இருந்து வருவிக்கலாம்தான், ஆனா கூலியோட பாத்தால் மெசின் விலையைத் தாண்டும். சிங்கர் 66 வகைக்கும் 15இன்ர பொபின் சாமான் பொருந்தாது, அது மேலால பொபின் போடுறது. 15இன்ர பொபினை அதுக்குள்ள அமத்திப் போட்டு வளையத்தை வெடிக்க வைச்சவையும் இருக்கினம். சட்டில் இல்லாத 28கேயை வாங்கினால் அலுமாரிக்கு மேல வைக்கத்தான்.

அடுத்தது எண்ணெய். இறுகின மெசினுக்குத் தேங்காய் எண்ணெய் விடுங்கோ எண்டு சொல்லுற பழக்கம் எங்கட ஊரில விட்டுப்போகேல்லை. நல்லெண்ணெயும் விடுகினம். சமையல் எண்ணெய் ஒண்டும் ஆகாது, காஞ்சு பிசினாகி இன்னும் இறுக்கும். பாதி மெசின் இறுகினதே அதாலதான். கைச்சில்லைப் பலத்தால முறுக்காதேங்கோ. முதல்ல வளையத்தைக் கழட்டி உள்ளுக்க நூல் சிக்கியிருக்கோ பாருங்கோ. ஒரு முழம் நூல் சட்டிலுக்குப் பின்னால சுத்தினாலே மெசின் கல்லாயிடும். நூல் இல்லாட்டி ஒவ்வொரு எண்ணெய் ஓட்டைக்கும் மண்ணெண்ணெய் விட்டு, ஒரு இரவு விட்டு, முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமா ஆட்டுங்கோ. விடுபட்ட பிறகு துடைச்சு, அதே ஓட்டையளுக்கு மெசின் ஒயில் ஒவ்வொரு துளி. மண்ணெண்ணெயோட விட்டால் உலோகம் காஞ்சுபோய்த் தேயும். வெளிப்பக்கத்துக்குத் தின்னரும் வேண்டாம், ஸ்பிரிற்றும் வேண்டாம். கறுப்புப் பூச்சோட தங்கப் பூவும் கழண்டு துணியில வந்திடும்.

சுன்னாகம் உதிரி:

28கேயை அப்பிடித் தள்ளாதேங்கோ. சட்டில் இருந்து, முனை நல்லா இருந்தால் நேர்த் தையலுக்கு அது காணும். சட்டில் இல்லாட்டி மட்டும்தான் விடவேணும்.

நெல்லியடி ரெயிலர்:

சாவகச்சேரியார் எண்ணெயைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. இன்னும் ஒண்டு, ரைமிங், அதாவது ஊசியும் சட்டிலும் சரியான நேரத்துக்குச் சந்திக்கிறது. சட்டிலை மாத்தியும் தையல் விழாட்டில் ரைமிங் பிழைச்சிட்டுது எண்டு ஆயிரக்கணக்கில காசு கேப்பினம். 15இல அனேகமா ஊசித் தண்டு இறங்கியிருக்கும், அல்லது ஊசியைப் பிழையாப் போட்டிருப்பினம். தண்டில ரெண்டு கோடு வெட்டியிருக்கு. ஊசி அடிமட்டத்தில நிக்கேக்க மேல் கோடு தண்டு நுழையிற புசின்ர கீழ் விளிம்போட நேரா வரவேணும். பிறகு கைச்சில்லை உங்கட பக்கமாச் சுத்த, தண்டு மேல ஏறிக் கீழ்க் கோடு அந்த விளிம்புக்கு வாற நேரம் சட்டில் முனை ஊசியின்ர நடுவில, கண்ணுக்குக் கொஞ்சம் மேல நிக்கவேணும். வராட்டில் முகப் பிளேற்றைக் கழட்டித் தண்டு கவ்வுற ஸ்குறுவைத் தளர்த்திக் கோட்டுக்குக் கொண்டு வரலாம். ஊசியின்ர தட்டைப் பக்கம் இடப்பக்கம், நூல் வலத்தில இருந்து இடத்துக்கு. பெரிய கடையளில இருக்கிற வேக மெசினின்ர உருண்டைத் தண்டு ஊசியைப் போடாதேங்கோ, அது இதில சரியா இருக்காது.

வாங்கப் போகேக்க ஒரு பையில கொண்டு போங்கோ: நூல் சுத்தின பொபினோட நல்ல கேஸ் ஒண்டு, தட்டைத் தண்டு 14ஆம் நம்பர் ஊசி, ஃபூட், வெள்ளையும் கறுப்புமா நூல், மெல்லிய துணி, சின்னதும் பெரிசுமா ஸ்குறு ட்ரைவர், ரோச். உங்கட நல்ல கேஸைப் போட்டுத் தைச்சுப் பாத்தால் குறை மெசினிலயோ, இல்லாத சாமானிலயோ எண்டு அங்கயே தெரியும். பெல்ற் இல்லாட்டிப் பரவாயில்லை, கையால சில்லைச் சுத்துங்கோ. மேல் நூல் வெள்ளை, கீழ் நூல் கறுப்பெண்டால் எது இழுக்குது எண்டு கண் காட்டும்.

மெசின்ர கால் பகுதியையும் பாருங்கோ. மிதிக்கிற தட்டையும் பெரிய சில்லையும் இணைக்கிற தடி தேய்ஞ்சால் டக் டக் எண்டு சத்தம், மாத்தலாம். வார்ப்பிரும்புக் கால் வெடிச்சிருந்தால் சாதாரண வெல்டிங் நிக்காது, பித்தளை ஒட்டுப் போடலாம். அதுக்கும் தெரிஞ்ச கை வேணும்.

கோண்டாவில்:

நடுக் குமிழை இறுக்கியும் சில்லு சும்மாதான் சுத்திச்சு. கழட்டிப் பாக்க வாசர் உள்ளுக்கதான் இருந்தது, நாக்கு ரெண்டும் சில்லுப் பக்கம். மாறிப் போட்டு இறுக்க ஊசித் தண்டு இறங்கிச்சு. ரின்னுக்குள்ள ரென்ஷன் கம்பியும் இருக்கு, ஆனா மெல்லிய ஸ்பிரிங் இல்லை. சட்டில் முனையில நகம் வழுக்குது. விலை 7,500க்கு வந்திருக்கு. பெல்ற் எந்த அளவு வாங்கிறது?

சுன்னாகம் உதிரி:

எடுங்கோ. தோல் பெல்ற், தடிப்பு 3/16 அங்குலம், நீளம் 72 அங்குலமா வரும். முழுசாப் போடாதேங்கோ. மேல் சில்லையும் கீழ்ச் சில்லையும் சுத்திப் பிடிச்சுக் கொஞ்சம் இழுவையோட அளந்து வெட்டி, நுனியில இருந்து கால் அங்குலம் தள்ளி ஓட்டை போட்டுக் கொழுக்கியை மாட்டி, குறட்டால தட்டையா அமத்துங்கோ. கொழுக்கி நீட்டிக்கொண்டு நிண்டால் ஒவ்வொரு சுத்துக்கும் சில்லில தட்டும். தோல் புதுசில ஒரு கிழமைக்குள்ள நீளும், அப்ப திரும்ப அரை அங்குலம் வெட்டவேணும். மெல்லிய ஸ்பிரிங்கைத் தனியாத் தேடாமல் முழு ரென்ஷன் செற்றா வாங்குங்கோ, பழைய கம்பியை மட்டும் எறிய வேண்டாம், புது செற்றில வாறது சில நேரம் நீளம் குறைவு.