ரானக் ஸ்டேஷனை ஓஓ அளவு ரயில் மாடலாகக் கட்டுகிறேன்: 27, 37/4, எத்தல் மூன்றும் சேர்ந்து ஓடலாமா?

கிளாஸ்கோ கதிர்

வணக்கம். போன அக்டோபரில் கிளாஸ்கோ குவீன் ஸ்ட்ரீட்டில் ரயிலேறி, ஸ்காட்லாந்தின் வெஸ்ட் ஹைலேண்ட் பாதையில் ரானக் வரை போய் வந்தேன். இறங்கிய ஆள் நான் ஒருத்தன்தான். ரயில் போன பிறகு காற்றுச் சத்தம் தவிர ஒன்றுமில்லை. அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன், கட்டினால் இந்த ஸ்டேஷனைத்தான் கட்டுவது என்று.

வீட்டில் கிடைப்பது 3.6 மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம். இரண்டு முனையிலும் ரயில் மறைந்து நிற்கக் கொஞ்சம் இடம் தனியாக உண்டு. ஓஓ அளவு, அதாவது நிஜத்தில் ஏறக்குறைய 76-இல் ஒரு பங்கு. கையில் பிரிட்டிஷ் டீசல் இன்ஜின் வகைகளின் இரண்டு மாடல்: நீல நிற 27 ஒன்று, பெரிய ரயில்வே சின்னம் போட்ட 37/4 ஒன்று. 37/4-இன் பக்கவாட்டில் ஒரு மான் படம் இருக்கிறது. எத்தல் என்கிற, பெட்டிகளைச் சூடாக்க மின்சாரம் கொடுக்கிற வண்டியையும் ஒரு பழைய 25 வகை இன்ஜின் மாடலிலிருந்து செய்யலாம் என்று ஆசை. இது மூன்றையும் ஒரே லேஅவுட்டில் ஓடவிட்டால் தப்பா?

இன்னொன்று. நான் எடுத்த 140 போட்டோவில் ஒரு கைகாட்டி கூட இல்லை. பழைய படங்களில் இருக்கிறது. எதை நம்புவது? ஸ்டேஷன் கட்டடத்தின் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மரச்சில்லுகள். அதை எப்படிச் செய்வது என்றும் யாராவது சொல்லுங்கள்.

நாலு மில்லி

தம்பி கதிர், முதலில் ஒரு தேதியைச் சொல்லுங்கள். வருஷம் மட்டும் போதாது, மாதமும் வேண்டும். மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், பட்டுத்தான் தெரியும். பல வருஷம் முன்னால் ஒரு 37-க்கு 'லாக் ரானக்' என்று பெயர்ப்பலகை ஒட்டினேன். படத்தில் பார்த்த இன்ஜினுக்கு மூக்கில் ரயிலின் குறியீட்டைக் காட்டும் இரண்டு தனித்தனிப் பெட்டி, அதாவது பிரிந்த ஹெட்கோட். அப்படியே செய்தேன். எண்ணை மட்டும் வேறு ஒரு பட்டியலில் பார்த்து 37408 என்று போட்டுவிட்டேன். கண்காட்சியில் ஒரு பெரியவர் குனிந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "இரண்டு இன்ஜினைக் கலந்து ஒன்றாக்கியிருக்கிறீர்கள்" என்றார். அவ்வளவுதான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

விஷயம் என்னவென்றால், அந்தப் பெயர் 1980களின் முதல் பாதியில் 37012-இல் இருந்தது. அது பிரிந்த பெட்டி வகை. 37-களில் முதலில் கட்டிய 119 இன்ஜின்கள் அப்படித்தான். பிறகு அதே பெயர் 37408-க்குப் போனது. அதற்கு மூக்கின் நடுவில் ஒரே பெட்டி. லாக் லோமண்ட், லாக் லாங், லாக் ஆவ் எல்லாம் இப்படி ஒரு இன்ஜினிலிருந்து இன்னொன்றுக்கு மாறிய பெயர்கள்தான். பெயரை நம்பி எண் போடாதீர்கள், எண்ணை நம்பி மூக்கு போடாதீர்கள். எண், மூக்கு, பெயர், நிறம் நாலும் ஒரே போட்டோவில் தெரிய வேண்டும்.

இனி உங்கள் மூன்று வண்டிக்கு வருவோம். 27-களுக்கு வெஸ்ட் ஹைலேண்டில் நல்ல காலம் 1970கள். பெட்டிகளைச் சூடாக்க உள்ளேயே நீராவி பாய்லர் வைத்திருந்தவை. 1980களின் தொடக்கத்தில் 37 வந்து அவற்றை ஒதுக்கிவிட்டது. அப்போது வந்தவை சாதாரண 37/0, மின்சாரத்தில் சூடாக்கும் வசதி இல்லாதவை. லண்டனிலிருந்து வரும் இரவு ரயிலுக்குப் புதிய மார்க் 3 படுக்கைப் பெட்டிகள் வந்தபோது சிக்கலாயிற்று, ஏனென்றால் அவற்றுக்கு மின்சாரம் வேண்டும். அதற்காக 1983-இல் மூன்று பழைய 25-களை எடுத்து, இழுக்கும் வேலையை விட்டுவிட்டு மின்சாரம் மட்டும் கொடுக்க வைத்தார்கள். அதுதான் எத்தல். எண்கள் 97250, 97251, 97252. நீலமும் சாம்பலும் அடித்து, பெட்டிகளோடு பெட்டியாக இன்ஜினுக்குப் பின்னால் போகும். 1985-இல் 37/4 வந்தது. அதிலேயே மின்சார வசதி உண்டு, ஆகவே எத்தலுக்கு அங்கே வேலை போய்விட்டது.

ஆகவே 37/4-க்குப் பின்னால் எத்தலைக் கோப்பது, மருமகள் சமைக்கிற வீட்டில் ஹோட்டல் சாப்பாடு வாங்கி வைப்பது மாதிரி. எத்தலுக்கு ஒரு 37/0 வாங்குங்கள். 27-ஐ இன்னும் முந்தைய காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல செய்தியும் உண்டு. நீங்கள் போட்டோவில் கைகாட்டி பார்க்காததற்குக் காரணம் ரேடியோ டோக்கன் முறை, அதாவது டிரைவருக்குப் பாதை அனுமதியை ரேடியோவில் கொடுப்பது. 1980களின் கடைசியில் அந்தப் பாதைக்கு அது வந்ததும் கைகாட்டிகள் இறங்கின. இப்போது ரயில்கள் ஒன்றையொன்று கடக்கும் லூப்பின் முனையில், பாதை பிரிகிற இடத்தில் ஸ்பிரிங் வைத்த பாயின்ட், ஒரு விளக்கு, ஒரு பலகை, அவ்வளவுதான். அதற்கு முந்தைய காலத்தில் நின்றுவிட்டால் 27 நாளிலும் 37/0 நாளிலும் 37/4 நாளிலும் கைகாட்டி இருக்கும். ஸ்டேஷனைத் தொட வேண்டாம், ரயிலை மட்டும் மாற்றினால் போதும். மேடையில் சுவரொட்டி, நிறுத்தியிருக்கும் கார் போன்றவற்றை ஒட்டாமல் வையுங்கள், காலத்துக்குத் தக்க எடுத்து மாற்றலாம். காரின் நம்பர் பிளேட்டு கூட ஆண்டைக் காட்டிக்கொடுத்துவிடும், பாருங்கள்.

மான் படம் இன்வர்னஸ் டெப்போவின் அடையாளம். அந்த இன்ஜின்கள் இன்வர்னஸிலிருந்து போகும் கைல் பாதையிலும் வடகோடிப் பாதையிலும் ஓடியவை. உங்களுக்கு வேண்டியது ஈஸ்ட்ஃபீல்டு டெப்போவின் வெள்ளை டெரியர் நாய். மானை எடுக்க, மெல்லிய பெயின்ட் தின்னரில் பஞ்சுக் குச்சியை நனைத்து, அழுத்தாமல் வட்டமாகத் தேய்க்க வேண்டும். முதலில் அடிப்பக்கம் மறைவான இடத்தில் சோதித்துப் பாருங்கள். நீலம் பஞ்சில் ஏற ஆரம்பித்தால் உடனே நிறுத்துங்கள்.

நளினி_என்கேஜ்

நாலு மில்லி அண்ணா சொன்ன காலக் கணக்கு சரி. ஆனால் நான் வேறு இடத்தில் சண்டை போடுகிறேன். ரானக்கை ஏன் ஓஓ-வில் கட்ட வேண்டும்?

உங்கள் 3.6 மீட்டர் ஓஓ-வில் உண்மையான 274 மீட்டர். நான் ஓட்டுகிற இன்னும் சின்ன அளவான N கேஜில் 1:148 என்பதால் ஏறக்குறைய 533 மீட்டர். ஸ்டேஷனுக்கு வடக்கே இருக்கிற ஒன்பது கண் பாலம் 684 அடி. ஓஓ-வில் அதுவே 2.74 மீட்டர் சாப்பிட்டுவிடும், N கேஜில் 1.41 மீட்டரில் அடங்கும். ரானக்கின் அழகே சுற்றியுள்ள வெறும் நிலம்தான். அதைச் சின்ன இன்ஜினோடு காட்டினால்தான் நீங்கள் ரயிலிலிருந்து இறங்கி நின்றபோது உணர்ந்தது வரும்.

கையில் இருக்கும் இன்ஜின்களை விற்கச் சொல்லவில்லை. யோசியுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

நாலு மில்லி

நளினி சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் எனக்கு வயதாகிவிட்டது அம்மா. N கேஜில் டெரியர் நாயைத் தேட ஒரு மைக்ராஸ்கோப் வேண்டும்.

ஓஓ-விலும் வழி உண்டு. 37-இன் நீளம் 18.75 மீட்டர், மாடலில் 246 மில்லிமீட்டர். மார்க் 1 பயணிகள் பெட்டி பஃபர் இல்லாமல் 258. இன்ஜினும் நாலு பெட்டியும் சேர்ந்து, இடைவெளியைச் சேர்க்காமல், 1.28 மீட்டர். மேடையை 1.4 மீட்டர் வையுங்கள், இருபுறமும் பெரிய ஆரத்துப் பாயின்ட் ஒன்றுக்கு 26 சென்டிமீட்டர் போனாலும் ஒவ்வொரு பக்கமும் 80 சென்டிமீட்டருக்கு மேல் சும்மா விடுவதற்கு இடம் மிஞ்சும். அந்த இடத்தில் பாலத்தைக் காட்டாதீர்கள், ஆசைப்படவும் வேண்டாம். வெறும் சதுப்பு நிலம், ஒரு தந்திக்கம்பம், வளைந்து போகிற ஒற்றைத் தண்டவாளம். நிறைய பேர் கை சும்மா இருக்காமல் அங்கே ஒரு ஆட்டுக்கொட்டகை வைத்துவிடுவார்கள்.

அளவெடுக்க ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையத்தில் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடம் இலவசமாகக் கிடைக்கும். லூப், சைடிங், கட்டடம் எங்கே என்று அதில் பார்க்கலாம். போட்டோவிலிருந்து அளக்க வேண்டுமானால், கட்டடத்தின் பக்கத்தில் 37 நிற்கிற படம் தேடுங்கள். இன்ஜின் நீளம் தெரியும், அதுவே அளவுகோல். கொஞ்சம் தூரம் தள்ளியிருக்கிற சுவருக்கு இது சரி வராது, அதே வரிசையில் இருப்பதற்கு மட்டும்.

அகலத்தில் ஓஓ ஒரு பொய்தான். உண்மையான 1435 மில்லிமீட்டர் 18.83 ஆக வர வேண்டும், நாம் 16.5-இல் ஓட்டுகிறோம். சாதாரணமாகக் கிடைக்கிற தண்டவாளத்தில் குறுக்குக் கட்டைகளும் நெருக்கமாக இருக்கும். பீக்கோ நிறுவனத்தின் புல்ஹெட் என்ற பழைய பாணித் தண்டவாளத்தை மேடைப் பக்கம் போட்டால் கண்ணுக்கு ரொம்ப வித்தியாசம். 60 அடித் தண்டவாளத்துக்கு 24 கட்டை என்று எண்ணிப் பாருங்கள், சில போட்டோவில் வெறும் கண்ணாலேயே எண்ணிவிடலாம்.

சிவப்புக் கைகாட்டி

மரச்சில்லு சுவர் பற்றி யாரும் சொல்லவில்லை. நான் கிரியன்லாரிக் போன்ற ஒரு சின்னக் கட்டடம் செய்தேன், அதே பாணிதான். ஜேம்ஸ் மில்லர் வரைந்த சுவிஸ் பாணிக் கட்டடங்கள், கூரை வெளியே நீண்டு தொங்கும்.

80 கிராம் காகிதத்தை 4 மில்லிமீட்டர் அகலப் பட்டையாக வெட்டுங்கள். பட்டையின் ஒரு ஓரத்தில் பாதி அகலம் வரை 1.3 மில்லிமீட்டர் இடைவெளியில் கத்தியால் வெட்டிக்கொண்டே போங்கள், சீப்பு மாதிரி. கீழிருந்து ஆரம்பித்து வரிசை வரிசையாக, முந்தியதைப் பாதி மூடும்படி ஒட்ட வேண்டும். ஒவ்வொரு வரிசையையும் அரைச் சில்லு நகர்த்துங்கள். வெட்டு எல்லாம் நேராக வந்தால் அது மரச்சில்லு மாதிரி இருக்காது, கொஞ்சம் தவறவிடுங்கள். ஒட்டிய பிறகு சில பற்களை நகத்தால் லேசாகத் தூக்கிவிட்டு, ரொம்பத் தண்ணியான சாம்பல் நிறத்தை ஒரு தரம் ஓடவிடுங்கள், பற்களின் அடியில் தங்கிக்கொள்ளும். பாதிச் சுவருக்கு எனக்கு இரண்டு மாலை ஆயிற்று. கழுத்து வலி தனி.

மேடையின் வடக்கு முனையில் பாறையில் செதுக்கிய ஒரு தலை இருக்கும், கவனித்தீர்களா? பாதை போடப் பணமில்லாமல் நின்றபோது ரென்டன் என்ற இயக்குநர் தன் சொந்தப் பணத்தைப் போட்டார் என்று வேலைக்காரர்களே செதுக்கியது. அதை விட்டுவிட்டால் ரானக்கே இல்லை. களிமண்ணில் ஒரு பட்டாணி அளவு போதும்.

நிலத்துக்குப் பச்சை வாங்காதீர்கள். அக்டோபரில் நீங்களே பார்த்திருப்பீர்கள், காய்ந்த புல்லின் செம்மண் நிறம், கறுத்த சதுப்பு மண் குட்டை, நடுவில் பாறைகள். மாடலுக்கு ஒட்டுகிற ஸ்டாட்டிக் புல்லில் வைக்கோல் நிறத்தையும் துரு நிறத்தையும் கலந்து போடுங்கள். பச்சையை அங்கங்கே கொஞ்சம் தொட்டால் போதும்.

கிளாஸ்கோ கதிர்

அந்தக் கல் தலைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்திருக்கிறேன், யார் என்று தெரியாமலே!

முடிவு: 1984 அக்டோபர். 37/0-ஐ இரண்டாம் கையில் தேடப் போகிறேன், எத்தல் அதற்குப் பின்னால். 27 ஷெல்ஃபுக்குப் போகிறது, அது காத்திருக்கட்டும். மானை எடுக்கும் வேலை இல்லை, 37/4-ஐ ஒரு வருஷம் தள்ளி வைத்துவிட்டேன். நளினி, நான் இன்னும் மனசுக்குள் அந்தப் பாலத்தை அளந்துகொண்டுதான் இருக்கிறேன், உங்களால்தான்.

ஒரு சந்தேகம். 37-க்கு முன்னால் பனிக்கலப்பை மாட்டினால் பெட்டியை இணைக்கிற கப்ளிங் வளைவில் முட்டுகிறதே?

நாலு மில்லி

முட்டும். ஆனால் ரானக்கில் இன்ஜின் திரும்பாது, வந்த திசையிலேயே போகும். முன்பக்கம் கலப்பையோடு கப்ளிங் இல்லாமல் விடுங்கள், பின்பக்கம் மட்டும் கப்ளிங். மறைவு இடத்தில் வண்டியைக் கையால் தூக்கித் திருப்ப வேண்டியிருக்கும், அதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ரேடியேட்டர் இருக்கிற முனையை முன்னால் வைக்கிறீர்களா பின்னாலா என்பதை நீங்கள் பார்க்கிற அந்த ஒரே போட்டோவில் பார்த்துவிட்டே வையுங்கள்.