ஊட்டச்சத்துப் படிப்பு உங்கள் சாப்பாட்டை மாற்றியதா?

மணிமேகலை (மதுரை), கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். நான் ஊட்டச்சத்தியல் முதலாண்டு மாணவி. முந்தைய நாள் உண்டதையெல்லாம் நினைவுகூர்ந்து எழுதி, ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுக் கூறு அட்டவணைகளைக் கொண்டு சத்துகளைக் கணக்கிடும் பயிற்சியை அண்மையில் வகுப்பில் செய்தோம். என் கணக்கில் கலோரியின் பெரும்பகுதி சோற்றிலிருந்தும் இட்லியிலிருந்தும் வந்திருந்தது. இரும்புச்சத்தோ, பெண்களுக்குப் பரிந்துரைக்கப்படும் 29 மில்லிகிராமில் பாதியைக்கூடத் தொடவில்லை. அம்மாவிடம் சொன்னால், "தலைமுறை தலைமுறையாக இதைத்தானே சாப்பிடுகிறோம்" என்கிறார். இத்துறையில் படித்தவர்கள் உங்கள் உணவை உண்மையிலேயே மாற்றிக்கொண்டீர்களா? எதிலிருந்து தொடங்கினீர்கள்?

செல்வி (கோவை):

மருத்துவமனையில் உணவியல் நிபுணராகப் பணிபுரிகிறேன். படிப்பு என் வீட்டில் முதலில் மாற்றியது உணவை அன்று, தேநீர் குடிக்கும் நேரத்தை. தேயிலையில் உள்ள பாலிபீனால்கள் கீரை, பயறு, தானியங்களில் இருக்கும் இரும்புச்சத்தோடு பிணைந்து அதைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. இறைச்சியில் உள்ள ஹீம் இரும்பை இத்தடை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ஆகவே காலைச் சிற்றுண்டி முடிந்த கையோடு குடித்துவந்த தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தோம். கீரைப் பொரியலை அடுப்பிலிருந்து இறக்கிய பின் எலுமிச்சை பிழிகிறோம், ஏனெனில் வைட்டமின் சி அதே இரும்பை உறிஞ்ச உதவுகிறது. சமையலில் வேறொன்றும் மாறாததால் வீட்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை. மாலைச் சுண்டலையும் தேநீரையும் பிரிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. மழை நாள்களில் இன்றும் அது நடப்பதில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர் (தஞ்சாவூர்):

மணிமேகலைக்கு, முதலில் அந்த 29 மில்லிகிராமைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2020ஆம் ஆண்டுப் பரிந்துரையில் உள்ள அந்த அளவு, ஏறக்குறைய எல்லாப் பெண்களின் தேவையையும் ஈடுகட்டும் வகையில் உயர்த்தி வைக்கப்பட்டது. அதே ஆவணத்தில் சராசரித் தேவை 15 மில்லிகிராம்தான். ஒரு நாள் கணக்கை வைத்துக்கொண்டு உங்களுக்குச் சத்துக்குறைவு என்று முடிவுகட்ட இயலாது. சில நாள்களுக்கு, விடுமுறை நாளையும் சேர்த்து, எழுதிப் பாருங்கள்.

அம்மா சொல்வதை முழுவதும் தள்ளவும் வேண்டாம், அப்படியே ஏற்கவும் வேண்டாம். நம் பாட்டிமார் உண்டது பெரும்பாலும் கைக்குத்தல் அரிசியும் புழுங்கலரிசியும் கம்பும் கேழ்வரகும். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயமின் (வைட்டமின் பி1) அரிசிமணிக்குள் இறங்கிவிடுவதால், பிறகு தீட்டினாலும் அதில் ஒரு பகுதி தங்கிவிடுகிறது. நன்கு தீட்டிய பச்சரிசியில் அது தவிட்டோடு போய்விடுகிறது. நரம்பையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி நோய் இதனால்தான் வந்தது. அதை ஆராய 1918இல் மருத்துவர் ராபர்ட் மெக்கரிசன் குன்னூரில் தொடங்கிய சிறு ஆய்வகமே, நீங்கள் அட்டவணையைப் புரட்டிய ஐதராபாத் நிறுவனமாக வளர்ந்தது. இதையெல்லாம் பாடம் நடத்தத் தொடங்கிய பின், சோற்றை வடித்துக் கஞ்சியைக் கொட்டும் வழக்கத்தை எங்கள் வீட்டில் நிறுத்தினோம். கஞ்சியோடு கரைந்து போவதும் தயமின்தான்.

விடுதிவாசி (சென்னை):

மாற்றம் எல்லை மீறுவதும் உண்டு என்பதை இங்கே யாரேனும் சொல்ல வேண்டும். என்னோடு படித்த தோழி ஒருத்தி, தராசில் நிறுக்காமல் எதையும் உண்ணமாட்டாள் என்ற நிலைக்கு வந்து, பண்டிகை நாளில் வீட்டுக்குப் போவதையே தவிர்த்தாள். "சுத்தமான" உணவின் மீதான இத்தகைய பிடிவாதத்துக்கு அமெரிக்க மருத்துவர் ஸ்டீவன் பிராட்மன் 1997இல் ஆர்த்தரெக்சியா என்று பெயரிட்டார். பயிற்சிக்காக எழுதுங்கள், பயிற்சி முடிந்ததும் தராசை எடுத்துப் பரணில் வைத்துவிடுங்கள்.

மணிமேகலை:

அனைவருக்கும் நன்றி. செல்வி அக்காவிடம் ஒரு சந்தேகம்: பால் சேர்த்த தேநீருக்கும் இது பொருந்துமா? அம்மா காபிதான் குடிப்பார், அதற்கும் உண்டா?

செல்வி (கோவை):

பால் சேர்ப்பதால் அந்தத் தடை நீங்கிவிடுவதில்லை. காபியும் இரும்பைத் தடுக்கும், ஆனால் தேநீரைவிடச் சற்றுக் குறைவாக. அம்மாவின் காலைக் காபி வெறும் வயிற்றில் என்றால் அதில் கைவைக்க வேண்டாம். இட்லியோடு சேர்த்துக் குடிக்கும் இரண்டாவது காபியை மட்டும் பத்து மணிக்குத் தள்ளிவைக்கச் சொல்லிப் பாருங்கள்.