ஆன்லைனில் வாங்கிய பிராசசர் போலியா? கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம். ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸ் பிராசசர் ஒன்றை ஆன்லைனில் ஒரு தனி விற்பனையாளரிடம் வாங்கினேன். சீல் பிரிக்காதது என்றார். ஆனால் மேல் தகட்டின் ஓரத்தில் பழைய தெர்மல் பேஸ்ட் (சூட்டைக் கூலருக்குக் கடத்தப் பூசும் பசை) காய்ந்து ஒட்டியிருக்கிறது. எழுத்துகளைச் சுற்றி மெல்லிய தேய்ப்புக் கோடுகள். பெட்டியில் உள்ள சீரியல் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் சிப்பில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை. அடியில் பின்கள் இருக்கின்றன, ஆனால் 1331-ஐயும் உட்கார்ந்து எண்ண யாரால் முடியும்!

கணினியில் மாட்டிப் பார்த்தால், பிராசசரின் விவரங்களைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருள் உண்மையைச் சொல்லிவிடும். தகட்டில் எதைப் பொறித்தாலும், உள்ளே இந்த மாடலுக்குரிய 8 கோர், 16 திரெட் இல்லையென்றால் தெரிந்துவிடும். சரி, ஆனால் மாட்டிய பிறகு "பயன்படுத்திவிட்டீர்கள்" என்று திருப்பி எடுக்க மறுத்தால்? அதுதான் தயக்கம். மாட்டாமலே நிரூபிக்க வழி இருக்கிறதா? திருப்பிக் கேட்க எந்தக் கோணத்தில் படம் எடுத்து அனுப்பினால் எடுபடும்? இப்படி மாட்டிக்கொண்டு மீண்டவர்கள் யாராவது சொல்லுங்களேன்.