வார்சா பழைய நகரம்: ஓவியத்தைப் பார்த்தா கட்டினார்கள்?

செங்கல்சூளை: "வார்சா பழைய நகரம் வெறும் சினிமா செட், இத்தாலிய ஓவியர் பெல்லோட்டோவின் ஓவியங்களைப் பார்த்துக் கட்டியது" என்று நேற்று வைகைக்கரையான் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. போலந்துத் தலைநகர் வார்சாவை இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் தரைமட்டமாக்கினார்கள்; போருக்குப் பிறகு பழைய நகரத்தைத் திரும்பக் கட்டினார்கள். போருக்கு முன்பே வார்சா பாலிடெக்னிக்கில் வீடுவீடாக அளந்து வரைபடம் போட்டிருந்தார்கள். ஜெர்மானியர் கண்ணில் படாமல் அதையெல்லாம் பியோத்ர்குஃப் என்ற ஊரின் மடாலயத்தில் ஒளித்து வைத்தார்கள். அந்த அளவுகளை வைத்துக் கட்டியதா செட்?

வைகைக்கரையான்: பெல்லோட்டோவையும் பார்த்தார்களா இல்லையா, அதைச் சொல்லுங்கள் சார். அவர் 1770களில் வரைந்தவர். 1939இல் இருந்த ஊர் அது இல்லை.

செங்கல்சூளை: சில தெருக்களின் முகப்புக்குப் பார்த்தார்கள். சுவர் நீளம், ஜன்னல் இடைவெளி, மாடி உயரம் எல்லாம் அளவு வரைபடத்திலிருந்து. 1980இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது செட்டையா?

வைகைக்கரையான்: ஆக, பார்த்தார்கள்.

பொன்னி: ஓவியத்தை விடுங்களேன். 1945 ஜனவரியில் ஜெர்மானியர் போனதும் ஜனங்கள் இடிபாட்டுக்குத் திரும்பி நிலவறைகளில் குடியிருந்தார்கள். அவர்களைப் பற்றி ஒரு வரி உண்டா? அதே வருஷம் அக்டோபரில் நகரத்து நிலம் முழுவதையும் அரசு ஆணை போட்டு எடுத்துக்கொண்டது. 1989க்குப் பிறகும் வாரிசுகள் கோர்ட்டுக்கு அலைந்தார்கள்.

செங்கல்சூளை: அந்த ஆணை இல்லாவிட்டால் ஒவ்வொரு மனைக்கும் பேரம் பேசியே காலம் போயிருக்கும் பொன்னி. 1953இல் சந்தைச் சதுக்கம் திறந்திருக்காது. பின்கட்டுகளை விட்டுவிட்டு முற்றத்தில் வெளிச்சம் வரவைத்தார்கள், உள்ளே சாதாரண ஜனங்களுக்கு வீடு கொடுத்தார்கள். எந்த ஓவியத்தில் இருக்கிறது அது?

வைகைக்கரையான்: செங்கல் எங்கிருந்து வந்தது? போலந்தின் இன்னொரு நகரமான வ்ரோத்ஸ்வாஃபில் உருப்படியாக நின்ற கட்டடங்களைக்கூட இடித்து ரயிலில் ஏற்றினார்கள். பெருமை வேறு.

பொன்னி: வார்சாவிலேயே முரானுஃப் பகுதியைப் பாருங்கள். யூதர்களை அடைத்து வைத்திருந்த கெட்டோ அங்கேதான். இடிபாட்டை மேடாக்கி அதன்மேல் குடியிருப்பு, அதை அரைத்து வார்த்த கல்லிலேயே சுவர். அங்கே வாழ்ந்தவர்களில் திரும்பி வர எத்தனை பேர் மிஞ்சினார்கள்?

செங்கல்சூளை: அதற்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே கேள்வி ஓவியம்.

வைகைக்கரையான்: போன மாதம் கோயில் திருப்பணி இழையிலும் இப்படித்தான். கல்தூணில் மணலைப் பீய்ச்சினால் ஒன்றும் ஆகாது என்று அடித்துப் பேசினவர் நீங்கள்.

செங்கல்சூளை: நான் சொன்னது தண்ணீர் பீய்ச்சுவதை. அந்த இழையையும் சரியாகப் படிக்கவில்லை, இதையும் படிக்கவில்லை. அளவு வரைபடம், அளவு வரைபடம். இன்னும் எத்தனை தடவை எழுதுவது?

வைகைக்கரையான்: பெல்லோட்டோவைப் பார்த்தார்கள் என்று நீங்களே எழுதியாயிற்று. மேலே போய்ப் பாருங்கள்.