குடியை நிறுத்தியவருக்கு அருகிலுள்ள உதவிக்குழுவைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: புதுவழி

வணக்கம். குடிநோய்க்காக மருத்துவமனையில் 10 நாள் தங்கிச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவன் நான்; குடிக்காமல் இன்றோடு 33 நாள் ஆகிறது. பகல் வேலையில் கழிந்துவிடுகிறது. மாலை 6 மணிக்கு மேல் கை சும்மா இருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தைக் கடத்துவதுதான் பெரும்பாடாக இருக்கிறது. இதற்கு முன் இருமுறை மன உறுதியை மட்டும் நம்பி நிறுத்தி, இருமுறையும் மூன்று மாதத்திற்குள் பழைய இடத்திற்கே வந்து சேர்ந்தேன். இந்த முறை ஏதேனும் உதவிக்குழுவில் சேருமாறு மருத்துவர் சொன்னார். எங்கே தேடுவது, நல்ல குழு என்று எதைக் கொண்டு அறிவது, தெரிந்தவர் யாராவது அங்கே அமர்ந்திருந்தால் என்ன செய்வது? கடவுள் நம்பிக்கை இல்லாத எனக்கு அது ஒத்துவருமா என்ற ஐயமும் உண்டு.

மறுமொழி: கதவோர நாற்காலி

நண்பரே, நான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்கு 9 ஆண்டுகளாகச் செல்பவன். 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையிருந்து நிறுத்தியதில் பிறந்த அமைப்பு அது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே அதில் சேருவதற்கான தகுதி. கட்டணம் கிடையாது, கூட்டச் செலவை உறுப்பினர்களே விரும்பியதைப் போட்டு ஈடுகட்டிக்கொள்கிறார்கள். அமைப்பின் இணையதளத்தில் ஊர், நாள், மொழி வாரியாகக் கூட்டங்களைத் தேடலாம். நீங்கள் சிகிச்சை பெற்ற இடத்தின் ஆலோசகரிடம் கேட்பது அதைவிட எளிது. எந்தக் குழு இன்னும் ஒழுங்காகக் கூடுகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். போவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்: திறந்த கூட்டத்திற்கு யாரும் வரலாம், மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புவோருக்கு மட்டுமானது.

தெரிந்தவர் இருந்தால் என்ன என்று நானும் அஞ்சினேன். இருந்தார். என் அலுவலகக் கணக்காளர். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் தம் நாற்காலியைச் சற்று நகர்த்தி இடம் கொடுத்தார். அலுவலகத்தில் இன்றுவரை அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. நானோ எந்த நிமிடமும் எழுந்து ஓடிவிடும் எண்ணத்தில் கதவோரமாக அமர்ந்திருந்தேன். புறப்படும்போது முதியவர் ஒருவர் பழைய ரசீதின் பின்புறத்தில் தம் எண்ணை எழுதிக் கொடுத்து, "குடித்த பிறகு அல்ல, குடிப்பதற்கு முன் கூப்பிடுங்கள்" என்றார். அந்தக் கூட்டத்தில் பேசியவை எதுவும் நினைவில் இல்லை, அந்த ரசீது மட்டும் பல மாதம் சட்டைப் பையில் இருந்தது.

குடியிலிருந்து மீள அவர்கள் பின்பற்றும் 12 படிகளில் கடவுளைப் பற்றிய பேச்சு உண்டு, மறைப்பதற்கில்லை. ஆனால் அது அவரவர் புரிந்துகொண்ட வகையிலான கடவுள். அந்தக் குழுவையே தம்மை மீறிய ஆற்றலாகக் கொள்வோரும் இருக்கிறார்கள்.

மறுமொழி: மாற்றுப்பாதை

எனக்கு அந்தப் பேச்சு கடைசி வரை ஒட்டவில்லை. அதில் குற்றம் யாருடையதும் அல்ல. 1994இல் தொடங்கப்பட்ட ஸ்மார்ட் ரிகவரி என்னும் அமைப்பில், சிந்தனையையும் நடத்தையையும் மாற்றும் உளவியல் முறைகளைப் பயிற்சியாகச் செய்கிறார்கள். குடிக்கும் வேட்கை எழுந்து, உச்சத்தைத் தொட்டு, தானே தணியும் என்பதைக் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வைக்கச் சொன்னார்கள். அருகில் குழு இல்லாதவர்களுக்கு இணையவழிக் கூட்டங்கள் உண்டு. உங்களுக்கு மாலை 6 மணிதான் சிக்கல் என்றால், எந்த அமைப்பு என்பதைவிட அந்த நேரத்தில் கூடும் குழு எது என்பதை முதலில் பாருங்கள்.

ஒரே கூட்டத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். நான் முதலில் போன குழுவொன்றில் மூத்த உறுப்பினர் ஒருவர் மணிக்கணக்கில் தாமே பேசியதோடு, "மாத்திரை சாப்பிட்டால் அது குடியை விட்டதாகவே ஆகாது" என்றும் சொன்னார். அங்கிருந்து விலகியதுதான் நான் செய்த நல்ல காரியம்.

மறுமொழி: வார்டுப் பணி

மேலே சொன்ன மாத்திரை விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். மீண்டும் குடிக்காமல் இருக்க உதவும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளை மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால், குழுவில் எவர் சொன்னாலும் நிறுத்தக் கூடாது. உறுப்பினர்கள் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்பதே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் நிலைப்பாடும். இதைப் படிக்கும் வேறு எவரேனும் நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவராக இருந்து, கூட்டத்திற்குப் போவதற்காகத் திடீரென்று நிறுத்த எண்ணினால், முதலில் மருத்துவரைப் பாருங்கள். நிறுத்திய முதல் இரண்டு நாளில் வலிப்பும், அதையொட்டி உயிருக்கே ஆபத்தான மனக்குழப்பமும் வரக்கூடும். கேள்வி கேட்டவர் அந்தக் கட்டத்தைக் கடந்துவிட்டார்.

குழுக்களால் பயன் உண்டா என்று ஐயப்படுவோருக்கு: 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் 12 படி அணுகுமுறை மற்ற சிகிச்சைகளுக்குக் குறைந்ததல்ல, முறையாக நடத்தப்படும்போது சிலவற்றைவிட மேலானது என்றே காட்டியது.

மறுமொழி: புதுவழி

அனைவருக்கும் நன்றி. ஆலோசகரிடம் கேட்டதில் இரண்டு குழுக்களைச் சொன்னார். அவற்றில் ஒன்று வியாழக்கிழமை மாலை 6.30க்குக் கூடும் திறந்த கூட்டம். தொலைபேசியில் பேசியவர் என் பெயரைக் கேட்கவில்லை, படியேறி இடப்பக்க அறை என்று மட்டும் சொன்னார். என் மனைவிக்கு அல்-அனான் என்று குடும்பத்தாருக்கான தனிக் குழு இருப்பதையும் அவர்தான் தெரிவித்தார். வியாழக்கிழமை போய்விட்டு வந்து எழுதுகிறேன்.